பையன்களுக்குப் பத்து புத்தகம், அவளுக்கு?

லீவு விட்டு மூன்றாம் நாள் தங்கை போன் செய்தாள். பின்னால் ஏதோ உருண்டு விழும் சத்தம், அதற்கு மேல் சின்னவனின் அழுகை, அதற்கும் மேல் இவள் குரல். "அக்கா, இவங்களுக்கு ஏதாவது புக் அனுப்புக்கா. எதுவா இருந்தாலும் சரி, ஒரு மணி நேரம் ஒரு இடத்துல உட்கார்ந்தா போதும்."

மூத்தவனுக்கு 9 வயது, சின்னவனுக்கு 6. அவள் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். பள்ளி இருக்கும் மாதங்களில் அது சமாளிக்கக்கூடிய ஏற்பாடு. லீவு விட்டால் காலை ஏழு மணியிலிருந்து இரவு பத்து வரை ஒரு பக்கம் லேப்டாப், ஒரு பக்கம் "அம்மா, இவன் என்னைப் பார்த்துக்கிட்டே இருக்கான்" என்ற புகார். புத்தகம் கேட்டது ஞானம் வளரட்டும் என்று இல்லை. ஒரு மீட்டிங் முடியும் வரை வீடு அமைதியாக இருக்கட்டும் என்றுதான். அதில் ஒரு தப்பும் இல்லை என்று நினைக்கிறேன், புத்தகத்தை இதைவிட மோசமான காரணங்களுக்கெல்லாம் வாங்குகிறோம்.

போன வருடமும் அனுப்பினேன், அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்து புத்தகங்கள். நீதிக்கதைகள் இரண்டு தொகுதி, விஞ்ஞானிகளின் வாழ்க்கை, உலகச் செவ்வியல் நாவல்களின் சுருக்கம் நான்கு, நல்ல பழக்கங்கள் பற்றி ஒன்று, இப்படி. ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து எடுத்தேன், எனக்கே என்மேல் மரியாதை வந்தது. லீவு முடிந்து அவர்கள் வீட்டுக்குப் போனபோது பத்தும் அலமாரியில் இருந்தன, ஏழு புத்தகங்களின் மேல் கண்ணாடித் தாள்கூடக் கிழியவில்லை. மீதி மூன்றும் சின்னவனின் பொம்மை கார்களுக்கு மேம்பாலமாகப் பயன்பட்டிருந்தன. மூத்தவனிடம் ஏன்டா படிக்கவில்லை என்று கேட்டேன். "எல்லாத்துலயும் கடைசியில திட்டுறாங்க பெரியம்மா" என்றான்.

நீதிக்கதை பற்றி இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை நான் படித்ததில்லை. உண்மைதான், நாள் முழுக்க பெரியவர்களிடம் அறிவுரை கேட்கும் பிள்ளை, ஓய்வு நேரத்தில் ஒரு முயலிடமும் ஆமையிடமும் அதையே ஏன் கேட்க வேண்டும்? நாவல் சுருக்கங்களின் பிரச்சினை வேறு. நானூறு பக்கத்தை நாற்பது பக்கமாக்கும்போது முதலில் போவது வேடிக்கையும் பயமும் பேச்சும்தான். "பிறகு அவன் தீவுக்குப் போனான், பிறகு புயல் வந்தது" என்று சம்பவங்களின் பட்டியல் மட்டும் மிஞ்சும். அதைப் படித்த பிள்ளை அந்தக் கதை தனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு, பெரியவனான பிறகும் அசலைத் தொடாமல் போய்விடுவான்.

ஆக, இந்த முறை நான் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். சோம்பேறித்தனம் இல்லை, இதற்கு ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஆலிங்டன், ஆன் மெக்கில்-ஃபிரான்சன் என்ற இரு ஆய்வாளர்கள், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு லீவு தொடங்கும் முன் ஆளுக்கு 12 புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள், தொடர்ந்து மூன்று கோடைகள். புத்தகங்களைப் பெரும்பாலும் பிள்ளைகளே எடுத்துக்கொண்டார்கள். மூன்று வருட முடிவில் வாசிப்புத் தேர்வில், புத்தகம் கிடைக்காத பிள்ளைகளைவிட இவர்கள் முன்னால் நின்றார்கள். 2010இல் வெளியான முடிவு இது. அந்தப் பிள்ளைகள் பொறுக்கியதில் பெரும்பகுதி பெரியவர்கள் பரிந்துரைக்கும் ரகம் இல்லை, பாட்டுக்காரர்கள், டிவி நட்சத்திரங்கள் பற்றியெல்லாம் எடுத்தார்கள். லீவில் படிக்காத பிள்ளைகள் பள்ளி திறக்கும்போது கொஞ்சம் பின்தங்கிப் போவார்கள் என்று பல காலமாகச் சொல்லி வருகிறார்கள், அது எவ்வளவு என்பதில் ஆய்வாளர்களுக்குள்ளேயே சண்டை உண்டு. எனக்கு அந்தச் சண்டை முக்கியமாகப் படவில்லை. தானே எடுத்த புத்தகத்தின் கண்ணாடித் தாளைப் பிள்ளை கிழிக்கிறான், அது போதும்.

அதனால் இரண்டு பேரையும் ஒரு நாள் நூலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரே நிபந்தனை, ஆளுக்கு ஐந்து, அதில் நான்கு உங்கள் இஷ்டம், ஒன்று என் இஷ்டம். மூத்தவன் எடுத்தது: உலக சாதனைகளின் தொகுப்பு ஒன்று, கால்பந்து, ஒரு காமிக்ஸ், பாம்புகள். சின்னவன் எடுத்தது நான்கும் வண்டிகள். மண் அள்ளும் வண்டி, தீயணைப்பு வண்டி, ரயில், மறுபடியும் மண் அள்ளும் வண்டி. இரண்டாவது மண் அள்ளும் வண்டி எதற்கு என்று கேட்க வாய் திறந்து மூடிக்கொண்டேன். நானும் ஒரே கொலைக்கதையை வேறு வேறு அட்டையில் இருபது வருடமாகப் படித்துக்கொண்டுதானே இருக்கிறேன்.

சாதனைத் தொகுப்புகளைப் பார்த்து முகம் சுளிக்கும் பெற்றோரை எனக்குத் தெரியும். இதெல்லாம் படிப்பா, நீளமான நகம், பெரிய பூசணிக்காய் என்று. கின்னஸ் புத்தகம் பிறந்ததே ஒரு வாய்த்தகராறில்தான். 1951இல் வேட்டைக்குப் போன இடத்தில், வேட்டையாடப்படும் பறவைகளில் ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறப்பது எது என்று சர்ச்சை வந்தது, எந்தப் புத்தகத்தைப் புரட்டியும் பதில் கிடைக்கவில்லை. கின்னஸ் மது ஆலையின் நிர்வாகி ஹியூ பீவர் அதை மனதில் வைத்துக்கொண்டு, 1955இல் முதல் பதிப்பைக் கொண்டுவந்தார். 9 வயதுப் பையனின் வாழ்க்கையே வாய்த்தகராறுதான், அவனுக்கென்றே செய்த புத்தகம் இது. அதுவும் எங்கே திறந்தாலும் படிக்கலாம், எங்கே மூடினாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. தொடர்ந்து முப்பது பக்கம் படிக்கத் தெம்பில்லாத பையனுக்கு இது பெரிய வசதி.

காமிக்ஸுக்கும் அதே கரிசனம் வேண்டும். ஒரு கட்டத்துக்கும் அடுத்த கட்டத்துக்கும் நடுவில் நடந்ததைப் படிப்பவன்தான் மனதில் நிரப்பிக்கொள்கிறான். கதவைத் திறக்கிறான், அடுத்த கட்டத்தில் தரையில் கிடக்கிறான். நடுவில் அடி விழுந்தது எங்கும் எழுதியிருக்காது, பையனுக்குத் தெரிந்துவிடுகிறது. இதை வாசிப்பு இல்லை என்றால் வேறு எதைச் சொல்வது?

அட்டையின் பின்னால் போட்டிருக்கும் வயதை நான் சட்டை செய்வதில்லை. 8 முதல் 10 வரை என்பது சட்டையின் அளவு மாதிரி, போட்டுப் பார்த்தால்தான் தெரியும். போட்டுப் பார்க்கப் பழைய உபாயம் ஒன்று உண்டு. நடுவில் ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்ல வேண்டும், தெரியாத சொல் வரும்போதெல்லாம் ஒரு விரலை மடக்க வேண்டும், பக்கம் முடிவதற்குள் ஐந்து விரலும் மடங்கிவிட்டால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் தமிழ்ப் புத்தகத்தில் இந்தக் கணக்கு உதைக்கிறது. மூத்தவன் ஆங்கிலத்தில் சரசரவென்று படிக்கிறவன், தமிழில் தடுக்கித் தடுக்கி விழுகிறான். எழுத்தெல்லாம் தெரியும், சொல்லும் தெரியும், ஆனாலும் விழுகிறான். ஒரு மாலை பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தபோதுதான் புரிந்தது. அவனுக்குத் தெரிந்தது "வந்துட்டிருந்தப்போ". பக்கத்தில் இருப்பது "வந்துகொண்டிருந்தபொழுது". இடைவெளி இல்லாத சுவர் மாதிரி ஒரே சொல். அர்த்தம் தெரியாத சொல் ஒன்றுகூட அந்தப் பக்கத்தில் இல்லை, ஆனால் அவன் பேசும் தமிழும் அச்சில் இருக்கும் தமிழும் வேறு வேறு வீட்டில் வளர்ந்தவை. நாம் பேசுவதைப் போல எழுதுவதில்லை, அதைப் பிள்ளையிடம் யாரும் சொல்லுவதும் இல்லை. அவன் தனக்குத்தான் தமிழ் வரவில்லை என்று நினைத்துக்கொள்கிறான்.

இதற்கு நான் கண்ட வழிகள் இரண்டுதான். ஒன்று, தமிழில் எடுக்கும்போது அவன் ஆங்கிலத்தில் படிப்பதைவிட ஒரு படி கீழே எடுப்பது, பெரிய எழுத்து, பேச்சு நிறைய வரும் கதை, நீண்ட சொற்களைப் பிரித்து அச்சிட்ட பதிப்பு. "குழந்தைப் புத்தகம்" என்று கோபித்துக்கொள்வான், காமிக்ஸாக இருந்தால் கோபம் பாதியாகக் குறையும். இரண்டாவது, வாய்விட்டுப் படித்துக் காட்டுவது. பிள்ளைகள் தாமாகப் படித்துப் புரிந்துகொள்வதைவிட, காதால் கேட்டுப் புரிந்துகொள்வதில் பல வருடம் முன்னால் இருப்பார்கள். எழுத்துத் தமிழின் ஓட்டம் முதலில் காதில் ஏறிவிட்டால் அப்புறம் கண்ணுக்குப் பழகுவது சுலபம்.

யார் படித்துக் காட்டுவது என்று கேட்டால், மறுபடியும் அவள் தலையில்தான் வந்து விழுகிறது. இங்கேதான் எனக்கு உறைத்தது.

பையன்களுக்குப் பத்து புத்தகம். அவளுக்கு? "உனக்கு என்னடி வேணும்?" என்று போனில் கேட்டபோது சிரித்தாள். பள்ளிக்கூட நாட்களில் பாடப் புத்தகத்துக்குள் நாவலை ஒளித்து வைத்துப் படித்து, என்னையும் சேர்த்து மாட்டிவிட்டவள் இவள். கடைசியாக ஒரு புத்தகத்தை முதலிலிருந்து முடிவு வரை படித்தது எப்போது என்று கேட்டால், மூத்தவன் பிறப்பதற்கு முந்தைய மாதம் என்றாள். ஒன்பது வருடம். நடுவில் நான் அவளுக்குப் புத்தகமே கொடுக்கவில்லை என்று இல்லை. ஒரு பிறந்தநாளுக்கு நேர மேலாண்மை பற்றி ஒன்று கொடுத்தேன், படிக்க நேரமில்லை என்றாள். இன்னொரு வருடம் குழந்தை வளர்ப்பு பற்றி. அதைப் படித்தாளா என்று கேட்கவே இல்லை, கேட்காமல் விட்டது நல்லது. அவளுக்கு நான் கொடுத்த எல்லாமே வேலையைக் கூட்டுகிற புத்தகங்கள். பையன் சொன்னான் இல்லையா, கடைசியில் திட்டுகிறார்கள் என்று, அதே கேஸ்தான்.

நூலகத் துறையில் எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகள் என்று ஒன்று உண்டு. கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்து நூலகராக மாறியவர், 1931இல் ஐந்தையும் புத்தகமாகவே எழுதினார். புத்தகம் பயன்படுத்தத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் என்று முதல் மூன்றும் போகும். எல்லோரும் மேற்கோள் காட்டுவது இவற்றைத்தான். நான்காவது விதி, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. அவர் நினைத்தது நூலகத்தில் புத்தகத்தைத் தேடும் நேரத்தை. எனக்கு அது தங்கையை நினைத்து எழுதின மாதிரி இருந்தது.

அவளுடைய ஒரு நாளை எடுத்துக்கொண்டால், படிக்கக் கிடைப்பது பதினைந்து நிமிடத் துண்டுகள். நீச்சல் வகுப்பு வாசலில் காத்திருக்கும் நேரம், குக்கர் அடுப்பில் இருக்கும் நேரம், பையன்கள் தூங்கினபிறகு அவள் தூங்குவதற்கு முன் இருக்கும் கொஞ்சம். இந்தத் துண்டுகளில் அறுநூறு பக்க நாவல் ஓடாது. நாலு நாள் விட்டுத் திறந்தால் யார் யாருக்குச் சித்தப்பா என்று மறந்துபோகும், பின்னால் போய்ப் புரட்ட வேண்டும், அப்புறம் குற்ற உணர்ச்சி, அப்புறம் புத்தகம் கட்டிலுக்கு அடியில். அதனால் எடுத்தவுடன் முடிகிற மாதிரி வேண்டும், அதே நேரம் ஒவ்வொரு முறையும் புது உலகத்துக்குள் நுழைகிற சிரமமும் இருக்கக் கூடாது.

இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டவர் ஆர்தர் கோனன் டாயில். மாதப் பத்திரிகையில் தொடர்கதை எழுதினால் ஒரு இதழ் தவறிப்போன வாசகர் அதோடு விட்டுவிடுவார் என்று யோசித்தார். ஆகவே ஆள் ஒரே ஆள், ஆனால் ஒவ்வொரு இதழிலும் கதை முடிந்துவிட வேண்டும். 1891 முதல் ஸ்ட்ராண்ட் பத்திரிகையில் ஷெர்லாக் ஹோம்ஸின் சிறுகதைகள் அப்படித்தான் வர ஆரம்பித்தன, மொத்தம் 56. இதழ் தவறவிடும் வாசகரை மனதில் வைத்து எழுதினது, நாள் தவறவிடும் அம்மாவுக்கும் பொருந்தாமல் போகுமா? அதையே அவளுக்கு எடுத்தேன். கூடவே, கல்லூரியில் அவள் படித்துப் படித்துக் கிழித்த ஒரு நாவலின் புதுப் பிரதி. ஏற்கெனவே படித்ததை எந்தப் பக்கத்திலும் திறக்கலாம், மறந்துபோகும் என்ற பயமே இல்லை. சாதனைத் தொகுப்பு மகனுக்கு என்ன செய்கிறதோ அதையே இது அம்மாவுக்குச் செய்யும். துணி மடிக்கும்போது கேட்க ஒலிப் புத்தகம் ஒன்றும் போட்டுக் கொடுத்தேன், அதை அவள் தொடவில்லை. "அந்த அரை மணி நேரம்தான் யாரும் பேசாம இருக்கு, அதையும் கெடுக்காதே." சரி.

மூன்று பேருக்கும் சேர்த்து ஒன்று வேண்டுமே, நிபந்தனைப்படி என் இஷ்டத்துக்கு எடுக்க வேண்டியது. புதையல் தீவு எடுத்தேன், முழுசாக, சுருக்கம் இல்லை. அந்தக் கதை பிறந்ததே விடுமுறை அலுப்பில்தான். 1881ஆம் வருடக் கோடையில் ஸ்காட்லாந்தில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது, வீட்டுக்குள் அடைபட்ட கதாசிரியர் ஸ்டீவன்சன் தன் மனைவியின் மகன் லாயிடோடு சேர்ந்து படம் வரைந்துகொண்டிருந்தபோது ஒரு தீவின் வரைபடம் வந்தது, அதிலிருந்து கதை வந்தது. எழுத எழுத வீட்டில் வாசித்துக் காட்டினார். கேட்டுக்கொண்டிருந்த ஸ்டீவன்சனின் அப்பாவுக்கே உற்சாகம் தாங்காமல், கடற்கொள்ளையனின் பெட்டிக்குள் என்னென்ன சாமான் இருக்கும் என்று தானே ஒரு பட்டியல் எழுதிக் கொடுத்தார். அப்புறம் புத்தகமாகும்போது அந்த வரைபடம் பதிப்பாளருக்குப் போய்ச் சேராமல் தொலைந்து, கதையைப் பார்த்து மறுபடியும் வரைய வேண்டியிருந்தது. வாய்விட்டுப் படிக்கவென்றே பிறந்த கதை, 34 அத்தியாயம், ஒரு இரவுக்கு ஒன்று என்றால் ஐந்து வாரம். அலுப்பான இடங்களைத் தாண்டிப் போகும் உரிமை படித்துக் காட்டுகிறவளுக்கு உண்டு, அதை நான் சொல்லித்தான் அனுப்பினேன். அச்சிட்டவர்கள் சுருக்கினால்தான் எனக்குக் கோபம், அம்மா சுருக்கினால் இல்லை, ஏனென்றால் எதிரில் இருக்கும் முகத்தைப் பார்த்து அவள் சுருக்குகிறாள்.

இது பையன்களுக்கான கதை, பெண்கள் வேண்டாம் என்பதுதான் அன்றைக்கு ஏற்பாடு. கதையின் நாயகனான ஜிம் என்ற பையனின் அம்மா மட்டும் எப்படியோ உள்ளே வந்துவிட்டாள். கொள்ளையர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், அவள் விடுதியில் தங்கியிருந்து செத்தவனின் பெட்டி திறந்திருக்கிறது, அந்த அம்மாள் உட்கார்ந்து தனக்கு வரவேண்டிய வாடகைப் பாக்கியை மட்டும் எண்ணி எடுக்கிறாள், ஒரு காசு கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம் என்று. பையன்கள் "ஓடு ஓடு" என்று கத்தினார்களாம். தங்கை சொன்னாள், "நானா இருந்தாலும் எண்ணித்தான்க்கா எடுத்திருப்பேன்."

பையன் புத்தகம், பெண் புத்தகம் என்று கடைகளில் பிரித்து வைப்பது பற்றித் தனியாகவே எழுத வேண்டும். ஒன்று மட்டும். மூத்தவன் அந்த லீவில் இரண்டு தடவை படித்த கதையின் நாயகி ஒரு பெண். அவன் கையில் கிடைத்தபோது அதற்கு அட்டை இல்லை, சின்னவன் முன்பே கிழித்திருந்தான். அட்டையில் இருந்த ரோஜா நிறத்தைப் பார்த்திருந்தால் தொட்டிருக்க மாட்டான்.

எல்லாம் நடந்தது என்று சொல்ல மாட்டேன். பாம்பு புத்தகம் மூன்று பக்கத்தோடு நின்றது, படங்கள் பயமாக இருக்கிறதாம், ஆனால் அதை வெளியே சொல்லக் கூடாதாம். கால்பந்து புத்தகம் நண்பன் வீட்டுக்குப் போனது, திரும்பவில்லை, நூலகத்துக்கு நான்தான் அபராதம் கட்டினேன். புதையல் தீவு ஐந்து வாரத்தில் முடியவில்லை, இருபதாவது அத்தியாயத்தில் நிற்கிறது, இரண்டு வாரம் அவளுக்கு வேலையில் பிழிந்துவிட்டார்கள். ஒரு இரவு அவள் படிக்கும்போதே தூங்கிவிட, மூத்தவன் புத்தகத்தை வாங்கித் தம்பிக்குத் தொடர்ந்து படித்தானாம், தடுக்கித் தடுக்கி. "கப்பல்ல எல்லாரும் மெதுவா பேசினாங்க" என்று சின்னவன் மறுநாள் புகார் சொல்லியிருக்கிறான்.

ஹோம்ஸில் அவள் பதினொன்று முடித்திருக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு அப்புறம் பதினொன்று.

சின்னவனின் மண் அள்ளும் வண்டிகள் வேறு திசையில் போய்விட்டன. பள்ளம் தோண்டுவது எதற்கு என்று கேட்டான், குழாய் போட என்றாள். எந்தக் குழாய் என்றான். அன்றிலிருந்து கழிவறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு, அது எங்கே போகிறது, அதற்கு அப்புறம் எங்கே, அதற்கும் அப்புறம் எங்கே என்று கேட்டுக்கொண்டே நிற்கிறானாம், தண்ணீர்க் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கிறது. நேற்று எனக்கே போன் போட்டான். "பெரியம்மா, அடுத்த புக்கு சாக்கடை. உள்ள எப்படி இருக்கும்னு படம் போட்டிருக்கணும்." 6 வயதுக்கு, பெரிய எழுத்தில், தமிழில், சாக்கடைக்குள் எப்படி இருக்கும் என்று படம் போட்ட புத்தகம். இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.